நான் எழுதாத பதில்

கூடலூரில் முதல் பிரவுசிங் சென்டர் திறந்தபோது நான் மூன்று மாத கர்ப்பமாக இருந்தேன். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடங்கள் ஆகியிருந்தன. குமுளிக்குப் போகும் ஜீப்புகள் ஆள் சேர்க்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை உண்டு. அதன் பின்னறையில் மூன்று கம்ப்யூட்டர்களை வைத்து, நடுவில் அட்டையால் தடுத்திருந்தார்கள். அவ்வளவுதான் சென்டர்.

அதற்கு முந்தைய பிள்ளை ஆறாம் மாதத்தில் எனக்குத் தங்காமல் போயிருந்தது. அதனால் இந்தத் தடவை நாள் தள்ளிப்போனது தெரிந்ததுமே, உத்தமபாளையத்தில் இருந்த என் மாமியார் வீட்டுக்கு வந்து அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். என் வீட்டுக்காரர் சவூதியில் இரும்புத் தகடு வெட்டுகிற ஒரு பட்டறையில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். லீவு முடிந்து அவர் திரும்பிப் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

கூடலூர் வீட்டில் போன் கிடையாது. அவர் கூப்பிடுவதெல்லாம் மாமியார் வீட்டுக்குத்தான். அங்கே அவர் பேசியது, கொழுந்தன் இந்தப் பக்கம் வரும்போது என்னிடம் வந்து சேரும். "அண்ணன் நல்லா இருக்காக, ஒங்கள மாத்திரைய நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாக" என்பதோடு முடிந்துபோகும். புருஷன் பேச்சை இன்னொருவர் வாயால் கேட்பதில் என்ன இருக்கிறது? அவர் சவூதிக்குப் போகுமுன்பே இதை யோசித்து, தன் தம்பியைக் கொண்டு எனக்கொரு மெயில் திறக்கச் சொல்லியிருந்தார். கொழுந்தன் பாலிடெக்னிக் முடித்தவன். அண்ணன் மூலமாக விசா வரும் என்று காத்துக்கொண்டிருந்தான். அவன்தான் கணக்கைத் திறந்து, முகவரியையும் பாஸ்வேர்டையும் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி என்னிடம் கொடுத்தான். எழுதிக் கொடுத்தவனுக்கும் அது தெரியுமே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் தப்பாக நினைத்திருக்க மாட்டேன்.

ஜெராக்ஸ் கடைக்காரரின் மனைவிதான் பின்னறையைப் பார்த்துக்கொண்டாள். சின்னமனூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். அவள் என்னை அக்கா என்பாள், நானும் அவளை அக்கா என்பேன். கடைசிவரை அதை நாங்கள் தீர்த்துக்கொள்ளவில்லை.

நான் பத்தாவது வரை தமிழில் படித்தவள். ஆங்கில எழுத்துகள் தெரியும். அவர் தமிழைத்தான் ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புவார் என்பதால், கூட்டிக் கூட்டிப் படித்துவிடுவேன். ஆனால் திரையைச் சுற்றி இருக்கும் வார்த்தைகளெல்லாம் ஆங்கிலம். அவற்றைப் பார்த்ததும் எதை அமுக்குவது என்று தெரியாமல் விழிப்பேன். முதல் நாளே அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"எழுத்தப் பாக்காதீகக்கா. படத்தப் பாருங்க. படம் போதும்" என்றாள்.

மூடின கவர் என்றால் இன்னும் படிக்காத கடிதம். திறந்த கவர் என்றால் படித்தது. இடது பக்கமாக வளைந்த அம்பு, பதில் போடுவதற்கு. பதில் போட்டு முடித்தால், அந்தக் கடிதத்தின் பக்கத்திலேயே ஒரு சின்ன அம்பு வந்து ஒட்டிக்கொள்ளும். "அம்பு இருந்தா பதில் போட்டாச்சு, இல்லன்னா போடலன்னு தெரிஞ்சுக்கிரலாம்" என்றாள். காகிதத்தைச் சேர்த்துக் குத்துகிற கிளிப் இருந்தால், கடிதத்தோடு போட்டோ மாதிரி ஏதோ ஒன்று சேர்ந்து வந்திருக்கிறது. எனக்கு அது தாவணிக்குக் குத்துகிற ஊக்கு மாதிரி இருந்ததால் ஊக்கு என்றே சொல்வேன். அவளும் பிறகு ஊக்கு என்றே சொல்ல ஆரம்பித்தாள்.

குப்பைத்தொட்டியில்தான் ஏமாந்துபோனேன். அதை மட்டும் நான் கேட்கவில்லை. பார்க்க அரிசி டின் மாதிரி இருந்தது. பத்திரமாகப் போட்டு வைக்கிற இடம் என்று நானே முடிவு செய்து, அவர் எழுதியதில் மனசுக்குப் பிடித்த இரண்டு கடிதங்களை அதில் போட்டுவிட்டேன். அடுத்த வாரம் அவள்தான் பார்த்துப் பதறினாள்.

"ஐயோ அக்கா, அது குப்பக்கா! இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா அதுவே அழிச்சிருக்கும்."

உள்ளே போய்க் காட்டினாள். தொட்டி காலியாக இருந்தால் வெறும் தொட்டி, ஏதாவது கிடந்தால் மேலே காகிதம் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு கடிதங்களையும் எடுத்து வெளியே போட்டுக் கொடுத்தாள். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன்.

வாரம் ஒரு தடவை போவேன். அத்தா, அதாவது என் அப்பா, குத்தகைக்கு எடுத்திருந்த திராட்சைத் தோட்டத்துக்குப் போகிற வழியில் என்னைக் கடையில் விட்டுவிட்டு, திரும்பும்போது கூட்டிக்கொள்வார். போகும்போதெல்லாம் ஒரு மூடின கவராவது இருக்கும். அங்கே சமைக்கிற மலையாளி சாம்பாரில் தேங்காய் அரைத்து ஊற்றுகிறான் என்பார். பிள்ளை அசைகிறதா என்று கேட்பார். நான் "மச்சான்" என்று தொடங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்து, பத்து வரி எழுதுவதற்குள் அத்தா வந்துவிடுவார்.

ஆறாவது மாதத்தில் கவர் வருவது நின்றுபோனது.

ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். நான் எழுதியதற்கும் பதில் இல்லை. கொழுந்தன் வந்தபோது கேட்டேன். "அண்ணனை வேற சைட்டுக்கு மாத்திட்டாக மதினி. அங்கன கம்ப்யூட்டர் வசதி இல்லையாம். போன்ல நல்லாத்தான் பேசுனாக" என்றான். அம்மா உடனே, "அதான் சொல்றாகல்ல, நீ மனசப் போட்டு ஒழப்பாத" என்றாள். அவள் சொன்ன வேகம் எனக்கு என்னவோ போல் இருந்தது. ஆனாலும் போன பிள்ளையை நினைத்து என்னை நானே அடக்கிக்கொண்டேன்.

ஏழாவது மாதம் தொடங்கி ஒரு வாரம் இருக்கும். காலையில் போய் உட்கார்ந்து திறந்தேன். ஒரு கடிதம் இருந்தது. அவருடையதுதான். ஆனால் கவர் திறந்திருந்தது. பக்கத்தில் அம்பு ஒட்டியிருந்தது.

நான் அதைக் கவனிக்காமலே சந்தோஷத்தில் கடிதத்தைத் திறந்துவிட்டேன். நாலே வரிதான்.

"சரி. நீ வரவேண்டாம் என்று எழுதிய பிறகு நான் மறுபடி கேட்கவில்லை. கம்பெனியில் வேறு வேலை தருவதாகச் சொல்கிறார்கள். இருந்துவிடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்."

நான் எப்போது அவரை வரவேண்டாம் என்றேன்? மறுபடி கூட்டிப் படித்தேன். அப்படித்தான் இருந்தது. முதலில் எனக்குத் தோன்றியது வேறு. இது எனக்கு எழுதியதில்லை, வேறு யாரோ ஒருத்திக்கு எழுதிவிட்டு முகவரி மாறி அனுப்பிவிட்டார் என்று நினைத்தேன். உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. அந்த ஒரு நிமிடத்தில் நான் அவரைப் பற்றி நினைத்ததை இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை.

"என்னக்கா?" என்று அவள் அட்டைத் தடுப்பைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். கடிதத்தை மூடிப் பட்டியலுக்குப் போனவள், "இதுக்குத்தான் நீங்க பதில் போட்டிருக்கீகளே, அம்பு இருக்குல்ல" என்றாள்.

"நான் போடலக்கா. இப்பத்தான் இந்தக் கடுதாசியவே பாக்குறேன்."

அவள் முகம் மாறியது. என் முகமும் மாறியிருக்க வேண்டும். "ஒங்க கம்ப்யூட்டர்ல யாராச்சும் எடுத்துப் பாத்திருப்பாகளா?" என்று கேட்டுவிட்டேன். அவளுக்கு அது சுருக்கென்று பட்டது தெரிந்தது. ஆனால் கோபப்படவில்லை. "இருங்க, பாத்துருவோம். அனுப்புன கடுதாசியெல்லாம் ஒரு எடத்துல இருக்கும்" என்று இன்னொரு படத்தை அமுக்கினாள்.

நான் எழுதியவை வரிசையாக இருந்தன. அவற்றுக்கு இடையிடையே நான் எழுதாதவை மூன்று இருந்தன.

ஒவ்வொன்றும் "அன்புள்ள கணவருக்கு" என்று தொடங்கியது. நான் ஒரு நாளும் அப்படி எழுதியதில்லை. பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதுக என்று கேட்டால் எழுதுவார்களே, அந்த மாதிரி. "தங்கள் கடிதம் கிடைத்தது. கவலைப்பட வேண்டாம். நான் நலம். இப்போது வந்தால் சிரமம். காண்ட்ராக்டை முடித்துவிட்டு வரவும்" என்று இருந்தது. கீழே என் பெயர்.

"என்னத்துக்குக் கவலப்பட வேண்டாம்? என்ன நடந்துச்சு?" என்று நான் சத்தமாகவே கேட்டேன். அவளுக்கு மட்டும் என்ன தெரியும்? அவள் திரையைக் காட்டினாள். குப்பைத்தொட்டிக்கு மேலே காகிதம் நீட்டிக்கொண்டிருந்தது.

"படிக்கவாக்கா, இல்ல நீங்களே படிக்கிறீகளா?" என்றாள்.

"நானே படிக்கிறேன்."

உள்ளே அவருடைய கடிதங்கள் இரண்டு கிடந்தன. முதலாவது இப்படி இருந்தது: "மிஷினில் கை மாட்டிக்கொண்டது. வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. பயப்படாதே, உயிருக்கு ஒன்றுமில்லை. இடது கையால் அடிக்கிறேன். தம்பியிடம் போனில் சொன்னேன். உனக்குத் தெரிய வேண்டாம் என்கிறான். உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை." இரண்டாவதில், "ஊருக்கு வந்துவிடட்டுமா? நீ ஒரு வார்த்தை வா என்று சொன்னால் போதும். இந்தக் கையோடு என்னைப் பார்க்க உனக்கு" என்று எழுதி, வாக்கியத்தை முடிக்காமலே அனுப்பியிருந்தார்.

இவை தவிர எத்தனை கடிதங்கள் வந்தன, என்ன எழுதியிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. அவற்றைத் தொட்டியிலிருந்தும் அழித்திருக்க வேண்டும்; கடைசியாக வந்ததை மட்டும் தொட்டியில் போட மறந்திருக்கிறார்கள்.

வயிறு இறுகிக் கல் மாதிரி ஆனது. அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டு, கீழே உட்கார்ந்து என் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை அசைகிற வரைக்கும் விடவில்லை. அசைந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

எழுதிக் கொடுத்த கொழுந்தனைத் தவிர வேறு யாருக்கும் அந்தப் பாஸ்வேர்டு தெரியாது; முதல் காரியமாக அதை மாற்றினோம். எங்கே அமுக்க வேண்டும் என்று காட்டிவிட்டு, நான் புது வார்த்தையை அடிக்கிறபோது அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு நான் எழுதினேன். "மச்சான், வாங்க. எனக்கு எதுவுமே தெரியாது. வரவேண்டாமுன்னு நான் எழுதல."

வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடாமல் இருந்து, இரண்டு நாள் கழித்துப் போனபோது மூடின கவர் ஒன்று வந்திருந்தது. "எது நீ எழுதியது, எது நீ எழுதாதது? அந்தக் கடிதங்களும் உன் பெயரில்தான் வந்தன. யாரை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை" என்று எழுதியிருந்தார்.

அதற்கு நான் என்ன எழுதினாலும் அதுவும் அதே எழுத்தில்தானே போகும்! நான் அடித்தாலும் கொழுந்தன் அடித்தாலும் திரையில் ஒரே மாதிரிதான் தெரிகிறது. ஜெராக்ஸ் கடையில் கேட்டு ஒரு கோடு போட்ட தாள் வாங்கி, பேனாவால் தமிழில் எழுதினேன். என் கையெழுத்து அசிங்கமாக இருக்கும். 'ள'வை நான் போடுகிற விதத்தைக் கல்யாணமான புதிதில் அவர் கேலி செய்வார். வேண்டுமென்றே நிறைய 'ள' வருகிற மாதிரி எழுதினேன். "நம்ம பிள்ளை மேல சத்தியமா அந்தக் கடிதங்கள் நான் எழுதினது இல்லை. உங்கள் கை எப்படி இருந்தாலும் வாங்க. விரல்கள் இல்லாட்டி என்ன, நீங்க வாங்க."

அந்தத் தாளை அவள் ஸ்கேன் செய்தாள். ஊக்குப் படத்தை அமுக்கி, கடிதத்தோடு சேர்த்தாள். பாதி போய்க்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. வந்த பிறகு மறுபடி முதலிலிருந்து. அத்தா வெளியே வந்து நின்று, "இன்னும் முடியலையா?" என்றார். நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். விபத்து அவருக்கும் தெரியுமா என்று அந்த நேரத்தில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

வீட்டுக்குப் போனதும் கேட்டேன். அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அத்தாவுக்கும் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரிந்திருந்தது. விபத்து நடந்த அன்றே கொழுந்தன் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். எனக்கு மட்டும் சொல்லவில்லை.

"போன தடவ மாதிரி ஆயிரக் கூடாதுன்னுதான் ஆத்தா" என்று அம்மா என் கையைப் பிடித்தாள். "நீ தாங்க மாட்டேன்னு எல்லாருமாச் சேந்துதான் பேசி வச்சோம்."

"எம் பேர்ல பதில் எழுதுறதையும் எல்லாருமாச் சேந்துதான் பேசி வச்சீகளா?"

அது அவர்களுக்குத் தெரியாது. அம்மா அத்தாவைப் பார்த்தாள். அத்தா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, எங்கே போகிறேன் என்று சொல்லாமல் வெளியே போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து கொழுந்தன் வந்தான். கையில் பழப்பை. நான் அவனை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"அண்ணனுக்கு எம் பேர்ல எழுதுனது நீங்கதான?"

அவன் மறுக்கவில்லை. பையைத் தரையில் வைத்தான். "ஒங்க நல்லதுக்குத்தான் மதினி. ஒங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு சொன்னாலும் அண்ணன் கேக்கல. எழுதிக்கிட்டே இருந்தாக. பதில் வராட்டி மனசு ஒடஞ்சுருவாகன்னு..."

"வரவேண்டாமுன்னு எழுதுனது யாரு நல்லதுக்கு?"

அவன் பழப்பையைச் சுவரோரமாக நகர்த்தினான். "இப்ப வந்தா அவுகளுக்கு வேலை போயிரும். அப்புறம் இங்கன வந்து என்ன செய்வாக? கொஞ்ச நாள்ல கை சரியாயிருச்சுன்னா..."

"ரெண்டு விரல் எப்படிச் சரியாகும்?"

அவனுடைய விசாப் பேப்பர் அண்ணனின் கம்பெனியில்தான் இருந்தது. அண்ணன் கிளம்பிவிட்டால் அது அப்படியே நின்றுபோகும். அவன் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உண்மையிலேயே எங்கள் நல்லதுக்குத்தான் தொடங்கினானா, தொடங்கிய பிறகு அது தனக்கும் வசதியாகப் போனதா என்று நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அவனுக்கே தெரியுமோ என்னவோ. அன்றைக்கு அவன் கண் கலங்கியிருந்தது. நான் உள்ளே போய்விட்டேன். அம்மாதான் அவனுக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

மாமியார் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்குள் நடந்ததை வெளியே பேசிக்கொண்டு திரிய வேண்டாம், கொழுந்தனுக்குப் பெண் பார்க்க வேண்டும் என்று. மூத்த மகனுடைய கையைப் பற்றி அந்தச் செய்தியில் ஒரு வார்த்தையும் இல்லை.

சனிக்கிழமை சென்டருக்குப் போனேன். மூடின கவர், பக்கத்தில் ஊக்கு. அமுக்கப் போன என்னை அவள் தடுத்தாள். "போட்டோக்கா. கையி போட்டோவா இருக்கும். இந்த நெலமைல வேண்டாம். பிள்ள பொறந்த பொறகு பாருங்க."

"எனக்கு என்ன தெரியணும், தெரியக் கூடாதுன்னு நீங்களும் சொல்லாதீகக்கா" என்றேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

லைன் மெதுவாக இருந்தது. படம் மேலிருந்து கீழே பட்டை பட்டையாக வந்தது. முதலில் ஒரு பச்சைச் சுவர். பிறகு அவர் தலைமுடி, நெற்றி, கண். மெலிந்திருந்தார். தாடி விட்டிருந்தார். கழுத்து வந்தது, சட்டைக் காலர் வந்தது. கையை நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார். பெருவிரல் இருந்தது, சுட்டுவிரல் இருந்தது, சுண்டுவிரலும் இருந்தது. நடுவில் ஒன்றுமில்லை. சேர்த்துத் தைத்த தோல் பளபளவென்று இருந்தது. என்ன நினைத்துப் பயந்தேனோ, அதைவிட அது சின்னதாகத்தான் இருந்தது. கீழே ஒரு வரி: "'ள' பார்த்தேன். டிக்கெட் கேட்டிருக்கிறேன்."

கம்பம் ஆஸ்பத்திரியில் எனக்குப் பெண் பிறந்து இருபதாம் நாள் அவர் வந்தார். பிள்ளையை இடது கையில்தான் வாங்கினார். வலது கையைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தார். அதை வெளியே எடுக்க வைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

தம்பியை அவர் சீக்கிரமே மன்னித்துவிட்டார். பெருநாள் அன்று தொழுகை முடிந்து இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்களாம். எனக்கு அது ஆறவில்லை. "அவன் சின்னப் பய, பயத்துல செஞ்சுட்டான். நீ ஏன் பிடிச்சுக்கிட்டே இருக்க?" என்பார். என் பெயரை எடுத்து எழுதினானே, அது அவருக்குச் செய்த குற்றம் மட்டுமில்லை, எனக்கும் செய்தது என்று சொல்லிப் பார்த்தேன். அவருக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை. வருஷங்கள் போன பிறகு நானும் கொழுந்தனுக்குச் சலாம் சொல்கிறேன், சோறு போடுகிறேன். மதினி என்று கூப்பிட்டால் திரும்புகிறேன். அவ்வளவுதான்.

நாங்கள் கம்பத்தில் ஒரு சின்ன ஹார்டுவேர் கடை வைத்தோம். வியாபாரம் மோசமில்லை. சென்டரில் இருந்த அக்கா குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டாள்.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம், ஏதோ அற்ப விஷயத்துக்கு எனக்கும் அவருக்கும் வாய்த்தகராறு வந்தது. கடையை விரிவுபடுத்துவதா வேண்டாமா என்று தொடங்கியது எங்கெங்கோ போனது. அந்தக் கோபத்தில், "கை போயி ஆஸ்பத்திரியில கெடந்தப்பவே நீ வரவேண்டாமுன்னு எழுதுனவதான?" என்றார்.

சொன்ன மறு நொடியே அவர் முகம் வெளிறியது. "இல்ல, அது நீ இல்ல. எனக்குத் தெரியும்" என்றார்.

தெரியும்தான். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில், ஒற்றைக் கையால் மவுஸைப் பிடித்துக்கொண்டு, என் பெயருக்கு மேலே இருந்த அந்த வரியை அவர் எத்தனை தடவை படித்திருப்பார்! அது நான் எழுதியதில்லை என்று தெரிந்த பிறகும் அவருக்குள் அந்த வரி என் குரலில்தான் இருக்கிறது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? அவரும்தான் என்ன செய்வார்?

நான் சீப்பை எடுத்தேன். மகளுக்குத் தலை வாரிவிட்டேன். அவர் வாசலில் கொஞ்ச நேரம் நின்றிருந்துவிட்டுக் கடைக்குப் போனார். மதியம் சாப்பிட வந்தபோது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பேசினார். நானும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.